பேப்பர் பீசிங்: தைக்கிறதைவிட வெட்டிப் போடுற துணி அதிகமா இருக்கு, எப்படிக் குறைக்கிறது?

சிப்புட்_தையல்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து மண்டபத்தில் சனிக்கிழமைகளில் தையல் வகுப்பு நடத்துறோம். இப்போ பேப்பர் பீசிங் எடுத்திருக்கோம், அதாவது தாள்ல அச்சடிச்ச கோட்டு மேல துணித் துண்டுகளை நம்பர் வரிசைப்படி தைச்சுத் திருப்பி ஒட்டுப்போடுற வேலை. 8 இஞ்ச் நட்சத்திர பிளாக் (துண்டுகள் சேர்ந்த ஒரு சதுரம்), மொத்தம் 20 வேணும். நடுவில் 4 இஞ்ச் சதுரம், நாலு மூலையிலும் 2 இஞ்ச் சதுரம், நாலு பக்கமும் ஒரு பெரிய முக்கோணம், அதோட ரெண்டு தோளிலும் ஒவ்வொரு சின்ன முக்கோணம். எல்லாம் தைச்சு முடிஞ்ச பிறகு நிக்கிற அளவு.

கூரா வர்ற சின்ன முக்கோணத்துக்கு 3க்கு 5 இஞ்ச் துண்டு வெட்டிக் கொடுக்கிறோம். தைச்சுத் திருப்பி ஓரத்தை வெட்டினா பாதிக்கு மேல கூடையில விழுது. சரி, சின்னதா வெட்டுவோம்னா திருப்பின பிறகு மூலை மூடலை. பிரிச்சா பேப்பர் கிழியுது, துணியும் ஓட்டை ஓட்டையா ஆகிடுது.

நட்சத்திரத்துக்கு மட்டும் ஒரே கலர்ல மீட்டர் துணி வாங்குறோம். மத்ததெல்லாம் டவுன் தையல் கடைகள்ல கொடுக்கிற வெட்டுத் துண்டு, பழைய பாத்தேக் சாரோங். தீபாவளி நேரத்துல ரவிக்கைத் துண்டு மூட்டை மூட்டையா வரும். மிஷின்ல ரெண்டு கரண்ட், மூணு மிதி மிஷின்.

தெரிஞ்சுக்க வேண்டியது மூணு. துண்டை எந்த அளவுக்கு வெட்டணும்? கோணல் மாணலா வர்ற கடைத் துண்டை எப்படிப் பயன்படுத்துறது? சின்னதா வெட்டியும் மூலை குறையாம இருக்க வழி என்ன?

---

தாப்பா_ஊசிமுனை

டீச்சர், முதல்ல கணக்கைப் போட்டுப் பாருங்க, துணி எங்கே போகுதுன்னு அதுவே சொல்லிடும்.

2 இஞ்ச் சின்ன முக்கோணத்துக்குச் சுத்தியும் கால் இஞ்ச் தையலுக்கு விட்டா தேவைப்படுறது 2⅞ இஞ்ச் சதுரத்துல பாதி. அதாவது 4 சதுர இஞ்சுக்குக் கொஞ்சம் மேல. நீங்க கொடுக்கிற 3க்கு 5 துண்டு 15 சதுர இஞ்ச். ஒரு பிளாக்குக்கு எட்டு முக்கோணம், ஆக 120 சதுர இஞ்ச் வெட்டுறீங்க, உள்ளே நிக்கப் போறது சுமார் 33. மீதி அத்தனையும் நீங்க வாங்கின மீட்டர் துணி.

வழி என்னன்னா, முக்கோணத்துக்கு முக்கோணமாவே வெட்டுங்க. 3½ இஞ்ச் சதுரம் வெட்டி மூலைக்கு மூலை ஒரே வெட்டு, ரெண்டு முக்கோணம் கிடைக்கும். ஒரு பிளாக்குக்கு நாலு சதுரம், 49 சதுர இஞ்ச். கை பழகினவங்களுக்கு 3¼ இஞ்ச் சதுரமே போதும், அப்போ 42 தான் ஆகும். ஆனா அதுல சுத்தியும் சுமார் அரைக்கால் (⅛) இஞ்ச் தான் விளையாட்டு, அதாவது கூடுதல் இடம், இருக்கும். பழகுறவங்க கையில 3½ கொடுங்க. ஒரு துண்டு தப்பாப் போனா ஆறு துண்டுல மிச்சம் பிடிச்சதெல்லாம் போயிடும்.

20 பிளாக்குக்கு என்ன வித்தியாசம்னு சொல்றேன். கரையை எடுத்த பிறகு 42 இஞ்ச் அகலம் நிக்கிற துணின்னு வச்சுக்குங்க. 3க்கு 5 முறையில 160 துண்டு வேணும். ஒரு 3 இஞ்ச் பட்டையில எட்டு துண்டு, ஆக 20 பட்டை, 60 இஞ்ச், கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர். 3½ சதுரமா வெட்டினா 80 சதுரம் போதும். ஒரு பட்டைக்கு 11 வச்சாலும் 8 பட்டை, 28 இஞ்ச், சுமார் 71 சென்டிமீட்டர். பாதிக்கும் குறைவு.

பெரிய முக்கோணத்துக்கு வேற வழி. அதோட நீளப் பக்கம் பிளாக்கோட வெளி ஓரத்துல வருது, அதனால நீளப் பக்கம் நேர் இழையில (துணியோட நூல் ஓடுற திசையில) இருக்கணும். 5½ இஞ்ச் சதுரம் வெட்டி, ரெண்டு மூலைவிட்டத்துலயும் வெட்டினா நாலு முக்கோணம், நாலுக்கும் நீளப் பக்கம் நேர் இழை. இது பேப்பர்ல ஒண்ணாம் நம்பர் துண்டு. தைச்சுத் திருப்புற வேலை இதுக்கு இல்லை, அப்படியே வச்சு மூடுறது தான். திருப்புற துண்டுக்குக் கொடுக்கிற கூடுதலை ஒண்ணாம் நம்பருக்கும் கொடுக்கிறது வீண். இது பல பேர் கவனிக்காத இடம்.

இன்னொண்ணு. மூலைச் சதுரத்துக்கும் நடுச் சதுரத்துக்கும் பேப்பரே வேண்டாம். 2½, 4½ இஞ்ச்னு வெட்டிச் சாதாரணமாத் தைங்க. பெரிய முக்கோணமும் ரெண்டு சின்ன முக்கோணமும் சேர்ந்த பகுதி மட்டும் பேப்பர்ல. தையல் ஓரத்தோட 2½க்கு 4½ இஞ்ச். ஒரு ஏ4 தாள்ல ஆறு அடங்கும், 80 பகுதிக்கு 14 தாள் போதும்.

மூலை ஏன் மூடலைன்னு கேட்டீங்க. துணி தைச்ச கோட்டை அச்சா வச்சுத் திரும்புது. கோட்டுக்கு அந்தப் பக்கம் எந்த அளவு, எந்தச் சாய்வுல இருந்ததோ அதே அளவு, அதே சாய்வுல தான் இந்தப் பக்கம் வந்து விழும். முடிஞ்ச பிறகு எப்படி நிக்கணுமோ அந்தத் திசையிலேயே துண்டை வச்சுத் தைச்சா, திரும்பினதும் சாய்ஞ்சு போயிடும். அதைச் சரிக்கட்டத் தான் எல்லாரும் பெரிய துண்டா வெட்டுறாங்க. துண்டோட ஒரு ஓரம் எப்பவும் தைக்கப் போற கோட்டுக்கு இணையா இருந்தா பெரிய துண்டுக்குத் தேவையே இல்லை.

---

கால்_இஞ்ச்

மேல சொன்ன அளவுல தைக்கணும்னா வேலை செய்யுற வரிசையும் மாறணும் டீச்சர். தைச்ச பிறகு ஓரம் வெட்டுற பழக்கம் இருந்தா சின்னத் துண்டு காலை வாரும். தைக்கிறதுக்கு முன்னாடியே வெட்டிடுங்க.

எப்படின்னா: ஒண்ணாம் நம்பர் துண்டை உள்பக்கம் பேப்பரைப் பார்க்கிற மாதிரி, அச்சு இல்லாத பக்கத்துல வச்சு, பசைக்குச்சியால ஒரு புள்ளி. தாளை வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க, சுத்தியும் கால் இஞ்ச் கூட இருக்கான்னு. இப்போ ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல உள்ள கோட்டுல ஒரு கனமான அட்டையை வச்சு, பேப்பரை அதுமேல மடக்குங்க. தபால் அட்டை, சட்டைப் பெட்டி அட்டை எதுவும் சரி. துணி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். மடிப்பிலிருந்து கால் இஞ்ச் விட்டு ஸ்கேல் வச்சு அதை வெட்டுங்க. பேப்பரைத் திரும்ப விரிச்சிடுங்க.

இப்போ உங்க கையில கோட்டுக்கு இணையா நேரா வெட்டின ஓரம் ஒண்ணு இருக்கு. சின்ன முக்கோணத்தோட நீளப் பக்கத்தை, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்கிற மாதிரி, அந்த ஓரத்தோட ஓரமா வைங்க. நடுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? முக்கோணத்தைப் பாதியா மடிச்சு நீளப் பக்கத்துல நகத்தால ஒரு கீறல். பேப்பர்லயும் கோட்டோட நடுவுல ஒரு புள்ளி. ரெண்டும் சேரணும். ரெண்டு பக்கமும் கூர் ஒரே அளவு வெளியே நீட்டும். கால் இஞ்சுக்கு மேல ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தா மறுபக்க மூலை குறைய வாய்ப்பு இருக்கு.

தைக்கிறதுக்கு முன்னாடி கோட்டு மேலேயே குண்டூசி குத்தி, துண்டைத் திருப்பிப் பார்த்துடுங்க. வெளிச்சத்துல தூக்கினா ரெண்டாம் நம்பர் இடமும் அதைச் சுத்திக் கால் இஞ்சும் நிழலாத் தெரியணும். பத்து விநாடி வேலை. இதைச் செய்யாம விட்டா ஒரு தையலைப் பிரிக்கிறதுக்கு அஞ்சு நிமிசம் போகும்.

ஒரே நம்பரை எல்லா பேப்பருக்கும் வரிசையாச் செய்ங்க. பத்து பேப்பருக்கும் ரெண்டாம் நம்பர் தைச்சுட்டு, பத்தையும் ஒண்ணா அயன் பண்ணி, பத்தையும் ஒண்ணா வெட்டினா அளவும் ஒரே மாதிரி இருக்கும், எது எந்தப் பக்கம்ங்கிற குழப்பமும் குறையும். அயனை இழுக்க வேண்டாம், வச்சு அழுத்தி எடுக்கணும். சின்ன முக்கோணத்தோட நீளப் பக்கம் கிராஸ், அதாவது இழைக்குச் சாய்வா வெட்டினது. இழுத்தா நீண்டு போயிடும்.

தையல் நீளத்தைக் கேட்கலை, ஆனா பேப்பர் கிழியுறதுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம். எவ்வளவு வச்சிருக்கீங்க?

---

சிப்புட்_தையல்

ரொம்ப நன்றி அக்கா. முக்கோணமா வெட்டலாம்னு யோசிச்சதே இல்லை, நீள்சதுரமா வெட்டணும்னு தான் எல்லா இடத்துலயும் சொல்றாங்க. கரண்ட் மிஷின்ல 1.5 வச்சிருக்கோம். மிதி மிஷின்ல நம்பர் அழிஞ்சு போச்சு, குத்துமதிப்பா வச்சுத் தைக்கிறாங்க.

---

கால்_இஞ்ச்

1.5 மில்லிமீட்டர்னா ஒரு இஞ்சுக்கு 17 தையல் விழும். அழகா நிக்கும், பேப்பரும் சுலபமாக் கிழியும், ஆனா பழகுறவங்களுக்கு அது அதிகம். பிரிக்க வேண்டி வந்தா துணியும் சேர்ந்து போயிடும். 1.8க்கு மாத்துங்க, இஞ்சுக்கு 14. மிதி மிஷின்ல துண்டுப் பேப்பர்ல ஒரு இஞ்ச் கோடு போட்டு அதுமேல தைச்சு ஓட்டையை எண்ணுங்க. 14 வர்ற இடத்துல லீவர் பக்கத்துல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிடுங்க. ஊசி 90/14 நம்பர். பேப்பர் தைக்கிற ஊசி சீக்கிரம் மொண்ணையாகும், அதைத் திரும்பத் துணிக்குப் போட வேண்டாம்.

பிரிக்கும்போது நூலை ஒவ்வொண்ணா இழுக்காதீங்க. மேல் துணியை லேசாத் தூக்கிப் பிடிச்சு, ரெண்டு துணிக்கும் நடுவுல தெரியிற நூலை மட்டும் அறுத்துக்கிட்டே போங்க. பேப்பர் பக்கத்து நூல் தானா முழுசா வந்துடும். பேப்பர் ஓட்டை வழியாக் கிழிஞ்சுட்டா மெல்லிய தாள் பட்டையைப் பசைக்குச்சியால ஒட்டி, அதுமேலேயே தைக்கலாம். செலோபேன் டேப் ஒட்டினா அயன் சூட்டுல உருகி ஒட்டிக்கும்.

---

பாத்தேக்_பெட்டி

கடைத் துண்டு பத்தி நான் சொல்றேன் டீச்சர்.

மூட்டையைப் பிரிச்சதும் முதல்ல துணி எந்த ரகம்னு பிரிக்கணும். ரவிக்கைத் துண்டுல காட்டன், லைனிங்குக்குப் போடுற டூ பை டூ, பட்டு, பாலியஸ்டர் எல்லாம் கலந்து வரும். சந்தேகம் வந்தா ஓரத்துல நாலு இழை உருவி, இடுக்கியில பிடிச்சு நெருப்புல காட்டுங்க. காட்டன் தாள் எரியுற மாதிரி எரிஞ்சு மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, ஆறினதும் கெட்டியான மணியா நிக்கும். பேப்பர் பீசிங்ல ஒவ்வொரு துண்டுக்கும் காட்டன் சூட்டுல அயன் விழும், பாலியஸ்டர் அதைத் தாங்காது. அதைத் தனிப் பையில போட்டுடுங்க. டூ பை டூ காட்டனா இருந்தாலும் மெல்லிசு, உள்ளே மடிக்கிற தையல் ஓரம் வெளியே நிழலாத் தெரியும். வெளிர் நிறத்துக்கு அதை வைக்க வேண்டாம்.

அடுத்தது துவைக்கிறது. மிஷின்ல போட்டீங்கன்னா சின்னத் துண்டெல்லாம் இழை பிரிஞ்சு, சிக்கி, சுத்தியும் ஓரம் போயிடும். வெட்டுறதுக்கு முன்னாடியே நஷ்டம். வாளியில கையால அலசி, பிழியாம துண்டுல ஒத்தி, நிழல்ல பரப்பிக் காயப் போடுங்க. சிவப்பு, அடர் நீலம், பழுப்பு பாத்தேக் எல்லாத்தையும் தனித்தனியா வெள்ளைத் துணி ஒரு துண்டோட ஊற வச்சுப் பாருங்க. வெள்ளையில நிறம் ஏறினா திரும்ப அலசுங்க, நிக்கிற வரைக்கும்.

காய்ஞ்ச பிறகு கஞ்சி. இது தான் கடைத் துண்டுக்கு முக்கியமான வேலைன்னு நான் நினைக்கிறேன். வடிச்ச கஞ்சியை மெல்லிசா நீர்த்து, துணி வடிகட்டியில வடிச்சு, தெளிச்சு அயன் பண்ணுங்க. வளைஞ்ச துண்டும் தாள் மாதிரி நிக்கும், இழுபடாது. இழுபடாத துணியைத் தான் சரியான அளவுக்கு வெட்ட முடியும், அப்போ தான் கூடுதல் விடுறதைக் குறைக்கலாம். ஆனா நம்ம ஊர் ஈரத்துக்குக் கஞ்சி போட்ட துணியை மடிச்சு அடுக்கி வச்சா பூஞ்சை வரும், பூச்சியும் அரிக்கும். அந்த வாரம் தைக்கிறதுக்கு மட்டும் போடுங்க.

அளவுக்கு ஒரு அட்டை செஞ்சுக்குங்க. அட்டைக்குப் பதிலா பழைய கிளியர் ஃபைல் பிளாஸ்டிக் இன்னும் நல்லது, அடியில உள்ள பூ, கோடு எல்லாம் தெரியும். 3½ இஞ்ச் சதுரத்துல பாதி ஒண்ணு, 5½ இஞ்ச் சதுரத்துல கால் ஒண்ணு, 2½ சதுரம் ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் நேர் இழை எந்தப் பக்கம்னு ஒரு அம்பு. ரவிக்கைக் கழுத்து வெட்டு, அக்குள் வெட்டு இதெல்லாம் வளைஞ்சு வரும். அதுமேல அட்டையைச் சுழற்றிச் சுழற்றி வச்சுப் பாருங்க, எங்கே அடங்குதோ அங்கே வெட்டுங்க. எப்பவும் பெரிய அட்டையில ஆரம்பிச்சு சின்னதுக்கு வாங்க. சின்னதை நடுவுல வெட்டிட்டா பெரியது அடங்காது.

இழை விசயத்துல ஒரு இடம் விட்டுக் கொடுக்கலாம். பிளாக்கோட வெளி ஓரத்துக்கு வர்ற பக்கம் மட்டும் நேர் இழையில இருக்கட்டும். உள்ளே நாலு பக்கமும் தையலுக்குள்ள போற துண்டு கிராஸா இருந்தாலும் பேப்பர் பிடிச்சுக்கும். எல்லாத் துண்டும் நேர் இழையில தான் வேணும்னு நின்னா கடைத் துண்டுல பெரும்பகுதி தேறாது. கிராஸ் துண்டு போட்ட பிளாக்குல ஒரு கட்டுப்பாடு இருக்கு. பக்கத்து பிளாக்கோட சேர்த்துத் தைக்கிற வரைக்கும் பேப்பரை எடுக்கவே கூடாது.

---

பாடாங்_செராய்_மிஷின்

இவ்வளவு வெட்டி வைக்கணுமா? பட்டை முறையில ஒண்ணும் வெட்டி வைக்க வேண்டியதில்லை. 2½ இஞ்ச் பட்டை நீளமா வெட்டிக்கிட்டு, ஓரத்தைக் கோட்டுல வச்சுத் தைச்சு, திருப்பி, தேவையானதை மட்டும் வெட்டினாப் போதும். மீதிப் பட்டை அடுத்த பேப்பருக்கு. எண்ண வேண்டாம், துண்டு தொலையாது. வகுப்புக்கு இது சுலபம்.

---

தாப்பா_ஊசிமுனை

அண்ணே, நேர்க் கோட்டு பிளாக்குக்கு, பட்டை பட்டையா வர்ற டிசைனுக்கு நீங்க சொல்றது தான் சிறந்தது. இந்த முக்கோணத்துக்கு ரெண்டு விசயம் இடிக்குது.

ஒண்ணு, பட்டையைக் குறுக்கே நேரா வெட்டினா ஒவ்வொரு முக்கோணத்துக்கும் ஒரு நீள்சதுரம் போயிடும், பழைய கதை தான். பட்டையை 45 டிகிரியில சாய்ச்சு வெட்டி, அடுத்த துண்டுக்குப் பட்டையைத் திருப்பிப் போட்டு மறு ஓரத்தைக் கோட்டுல வைக்கணும். ஒண்ணு மேலே பார்க்க, ஒண்ணு கீழே பார்க்க. அப்படிச் செஞ்சா ஒரு முக்கோணத்துக்கு 6¼ சதுர இஞ்ச் ஆகும். 3½ சதுரத்துல பாதின்னா 6⅛. ரெண்டும் சமம் தான், ஆனா திருப்பிப் போட மறந்தா நஷ்டம். பூ ஒரே திசையில பார்க்கிற துணின்னா பாதித் துண்டு தலைகீழா வரும்.

ரெண்டாவது, பட்டை ஓரம் நேர் இழை. அது முக்கோணத்தோட நீளப் பக்கத்துக்கு வந்துட்டா குட்டைப் பக்கம் ரெண்டும் கிராஸ். அந்தக் குட்டைப் பக்கம் தான் பகுதியோட வெளி ஓரத்துல வருது. பாத்தேக்_பெட்டி அக்கா சொன்ன மாதிரி பேப்பரைக் கடைசி வரைக்கும் விட்டு வச்சா சமாளிக்கலாம். விடலைன்னா 4½ இஞ்ச் ஓரம் நீண்டு, நடுச் சதுரத்தோட சேராது.

---

பாடாங்_செராய்_மிஷின்

இழை விசயம் சரி. இந்த பிளாக்குக்கு முக்கோணமே வெட்டுங்க டீச்சர். ஆனா கடைத் துண்டுல நீளமா ஒல்லியா வர்றதை முக்கோணமா வெட்டி அழிக்க வேண்டாம். ஒண்ணு ஒண்ணரை இஞ்ச் அகலப் பட்டையைச் சேர்த்து வச்சு, சதுரப் பேப்பர்ல மூலைக்கு மூலை சாய்வா வரிசையாத் தைச்சா அது தனி பிளாக். அளவே பார்க்க வேண்டாம்.

---

சிப்புட்_தையல்

எல்லாருக்கும் நன்றி. 3½ முக்கோணம் வெட்டி நாலு பகுதி தைச்சுப் பார்த்தோம், மூலை குறையலை. கூடையில விழுந்தது ஒல்லி ஒல்லியான ஓரம் மட்டும் தான்.

இன்னும் ரெண்டு கேள்வி. அடுத்த பிளாக்குல கூர் நீளமா வருது. 2க்கு 4 இஞ்ச் நீள்சதுரத்துல பாதியா ஒரு முக்கோணம். அதே மாதிரி 1½ கூட்டி 3½க்கு 5½ வெட்டினோம், கூர் நுனி மூடலை. அதுமட்டுமில்லாம பாதித் துண்டு எதிர்ப் பக்கம் பார்க்குது, போடவே முடியலை. இன்னொண்ணு, போட்டோஸ்டாட் கடையில எடுத்த பேப்பர்ல பகுதி 4½க்குப் பதிலா 4⅜ தான் வருது.

---

தாப்பா_ஊசிமுனை

சதுரத்துல பாதின்னா ரெண்டு பக்கமும் ஒரே அளவு கூட்டலாம், சாய்வு 45 டிகிரியிலேயே நிக்கும். நீள்சதுரத்துல அப்படிக் கூட்டினா சாய்வே மாறிடும். 2க்கு 4ங்கிறது ஒண்ணுக்கு ரெண்டு. 3½க்கு 5½ அந்த விகிதம் இல்லை. அதனால நீளப் பக்கத்தைக் கோட்டுல வச்சுத் திருப்பும்போது மத்த ரெண்டு பக்கமும் கோணலா விழுது, ஒல்லியான நுனி வெளியே போயிடுது. அகலத்துக்கு 1, நீளத்துக்கு 2 கூட்டுங்க. 3க்கு 6 இஞ்ச். விகிதம் மாறாது, சுத்தியும் கிட்டத்தட்ட அரைக்கால் இஞ்ச் விளையாட்டு கிடைக்கும். நீங்க வெட்டின 3½க்கு 5½ஐவிடத் துணியும் குறைவு தான், 19 சதுர இஞ்சுக்குப் பதிலா 18.

எதிர்ப் பக்கம் பார்க்கிறதுக்குக் காரணம்: ஒரு நீள்சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டினா வர்ற ரெண்டும் ஒரே கை. ரெண்டும் இடது, இல்லை ரெண்டும் வலது. சுழற்றினாலும் மாறாது. உங்க பிளாக்குக்கு இடதும் வலதும் வேணும்னா ரெண்டு நீள்சதுரத்தை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் பார்க்கிற மாதிரி அடுக்கி ஒரே வெட்டு. ரெண்டு இடது, ரெண்டு வலது கிடைக்கும்.

ஒரே கை மட்டும் வேணும்னா எந்த மூலையிலிருந்து வெட்டுறதுன்னு குழம்பும். அதுக்குப் பேப்பர் ஒண்ணைக் கூடுதலா எடுத்து, அந்த நம்பர் முக்கோணத்தை வெட்டி வச்சுக்குங்க. அச்சு உங்களைப் பார்க்கணும், துணியோட உள்பக்கமும் உங்களைப் பார்க்கணும். அந்த நிலையில பேப்பர் முக்கோணத்தைத் துணி மேல வச்சா சரியான சாய்வு தெரிஞ்சிடும். பேப்பர் பீசிங்ல அச்சுப் பக்கத்துலயிருந்து பார்த்தா துணியோட உள்பக்கம் தான் நம்மைப் பார்க்குது, அதனால தான் இப்படி.

---

பாத்தேக்_பெட்டி

இந்த நீளக் கூருக்குத் தான் பாத்தேக் சாரோங்கை எடுத்து வைக்கணும். மெழுகு வச்சு அச்சுக் குத்திச் சாயம் முக்கின ரகத்துல ரெண்டு பக்கமும் நிறம் ஒண்ணு போலவே இருக்கும். எதிர்ப் பக்கமா வெட்டிட்டாலும் துணியைத் திருப்பிப் போட்டா சரியாகிடும், ஒரு துண்டும் வீணாகாது. மில்லுல ஒரு பக்கம் மட்டும் பிரிண்ட் அடிச்ச சாரோங்னா உள்பக்கம் வெளுத்துத் தெரியும், அதுக்கு இது பொருந்தாது. வாங்கும்போது ஓரத்தைத் திருப்பிப் பாருங்க. பழைய சாரோங்ல உட்கார்ற இடம் நைஞ்சிருக்கும். வெளிச்சத்துல பிடிச்சு, இழை தெரியிற பகுதியை விட்டுட்டு, ரெண்டு ஓரத்துல உள்ளதை வெட்டுங்க.

---

கால்_இஞ்ச்

பேப்பர் அளவுக்கு: டிசைன் அமெரிக்காக்காரங்க லெட்டர் தாளுக்குப் போட்டதா இருக்கும். அந்தத் தாள் 216 மில்லிமீட்டர் அகலம், நம்ம ஏ4 210. பிரிண்ட் பண்ணும்போது ‘தாளுக்குள் அடக்கு’ன்னு இருந்தா கம்ப்யூட்டர் தானா சுமார் 97 சதவீதமாச் சுருக்கிடும். 4½ இஞ்ச் 4⅜ ஆகுறது அதனால தான். ‘உண்மை அளவு’, இல்லைன்னா 100 சதவீதம்னு தேர்ந்தெடுத்து அடிக்கச் சொல்லுங்க. டிசைன்ல ஒரு இஞ்ச் சதுரம் போட்டிருந்தா அதை ஸ்கேல் வச்சு அளந்துட்டு மத்ததை அடிங்க. போட்டோஸ்டாட் மிஷினும் கொஞ்சம் நீட்டும், சுருக்கும். ஒரே பிளாக்குக்குப் பாதி பிரிண்ட், பாதி போட்டோஸ்டாட்னு கலக்காதீங்க. எடுத்தா எல்லாம் ஒரே மிஷின்ல, ஒரே தடவையில.

இப்போ சின்னதா வந்த பேப்பரைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு பிளாக்குக்கு உண்டான எல்லாப் பகுதியும் அதே அளவுல சுருங்கியிருந்தா, அதை வச்சுச் சின்னக் குஷன் உறை தைக்கலாம். 20 பிளாக்கோட மட்டும் சேர்க்காதீங்க.

தாள் 80 கிராமைவிட 70 கிராம் மெல்லிசு, சுலபமாக் கிழியும். பத்திரிகைத் தாள் ரகத்துல வெள்ளைத் தாள் கிடைச்சா இன்னும் நல்லது. அச்சடிச்ச பழைய பத்திரிகை வேண்டாம், மை துணியில ஏறும். போட்டோஸ்டாட் மை அயன் சூட்டுல இளகும், அதனால அச்சுப் பக்கத்துல அயனை நேரா வைக்காதீங்க. துணிப் பக்கத்துலயே வச்சு அழுத்துங்க, நீராவி இல்லாம. ஈரம் பட்டா பேப்பர் சுருண்டு அளவு மாறும். மழை நாள்ல தாளை பிளாஸ்டிக் பையில மூடி வச்சிருந்து, தைக்கும்போது எடுங்க.

கடைசியாப் பேப்பரை எடுக்கும்போது தையல் கோட்டுல ரெண்டு பக்கமும் ஒரு தடவை மடக்கி நகத்தால தேய்ச்சுட்டு, கடைசி நம்பர்லயிருந்து ஒண்ணாம் நம்பருக்கு வாங்க. தையலை ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத் தான் கிழிக்கணும். தையல் ஓரத்துக்குள்ள மாட்டின துணுக்குக்கு இடுக்கி போதும்.